கை எங்கே போனது?

அலெக்ஸி பிரோடோவிச்சின் 'பாலே' புகைப்பட நூல் 1945இல் நியூயார்க்கில் வெளிவந்தது. அச்சானது 500 பிரதிகள்தான் என்பார்கள். நான் பார்த்தது ஸ்கேன்களை. 104 படங்கள். 1935க்கும் 1937க்கும் இடையில் நியூயார்க்குக்கு ஆட வந்த பாலே குழுக்களைச் சின்ன 35 மில்லிமீட்டர் கேமராவில், ஃபிளாஷ் இல்லாமல் எடுத்திருக்கிறார். அன்றைய ஃபிலிமுக்கு மேடை வெளிச்சம் போதாது. ஷட்டரை மெதுவாக்கியே ஆகணும். அதனால் ஆடுகிறவர்கள் கலங்கித் தெரிகிறார்கள். விளக்குகள் கசிகின்றன, வெள்ளைப் பாவாடைகள் புகையாகின்றன.

பிரோடோவிச் இதை மறைக்கவில்லை. நெகட்டிவின் சிறு பகுதியைப் பெரிதாக்கி, படத்தை மணல்மணலாகத் தெரியவிட்டார். 'ஹார்பர்ஸ் பஜார்' இதழின் கலை இயக்குநருக்குத் துல்லியமான படம் எதுவென்று தெரியாதா என்ன? ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு உடம்பு போகிற வழிதான் நடனம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அந்த வழி இந்தப் படங்களில் பதிந்திருக்கிறது.

அந்த மயக்கத்தில்தான் சித்தி மகளின் அரங்கேற்றத்தை 1/15 நொடியில் எடுத்துத் தள்ளினேன். பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அழகாத்தான் இருக்குண்ணே. ஆனா என் கை எங்க? வர்ணம் முழுக்க கையாலதானே பேசினேன்?"

பதில் சொல்ல முடியவில்லை. பதாகத்துக்கும் திரிபதாகத்துக்கும் வித்தியாசம் மோதிர விரல் ஒன்று மடங்குவதுதான். 1/15இல் இரண்டும் ஒரே கறை. பாலேயில் கை கலங்கினாலும் கோடு மிஞ்சும். பரதத்தின் அபிநயத்தில் கை கலங்கினால் சொல்லே போய்விடும். பிரோடோவிச்சின் நூல் பார்வையாளனின் ஞாபகத்தைப் போல இருக்கிறது. அதன் பலம் அது. ஆடுகிறவள் என்ன சொன்னாள் என்பது அதில் இல்லை. நான் அப்படியே எடுத்துக்கொண்டது அந்தக் குறையையும் சேர்த்துத்தான்.

அதற்காக நம் அரங்கேற்ற ஆல்பங்கள் சரியென்று சொல்ல வரவில்லை. ஐஎஸ்ஓ 6400, 1/500 நொடி. கண் மை வரைக்கும் கூர்மை. ஆனால் எல்லாமே ஆடி முடித்து நிற்கிற போஸ். எது பதம், எது தில்லானா என்று படத்தை வைத்துச் சொல்ல முடியாது. இருட்டை கேமரா ஜெயித்துவிட்டது, நடனம் காணாமல் போய்விட்டது.

வெளிச்சம் குறைந்த மேடை நம்மிடம் கேட்பது ஒன்றுதான்: எதை இழக்கச் சம்மதம்? கேமரா அதற்குப் பதில் சொல்லாது, தாளம் சொல்லும். தீர்மானம் மூன்றாவது முறை வந்து விழும் இடத்தில் உடம்பு ஒரு கணம் நிற்கும். அங்கே 1/60 போதும். வர்ணத்தில் தட்டு மெட்டு வரும்போது பாதம் தாளத்தில் ஓடும், கை சொல்லின் மேல் சற்று நிற்கும். அப்போது அதே 1/60இல் பாதம் புகையாகலாம், கை தங்கிவிடும். ஆனால் அந்த இடம் வருவது முன்கூட்டியே நம் காதுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அவளுடைய அடுத்த நிகழ்ச்சிக்கு முன் நான்கு ஒத்திகைகளில் கேமரா இல்லாமல் உட்கார்ந்தேன். நிகழ்ச்சியில் எடுத்த சுமார் 900 படங்களில் ஒன்றுதான் தேறியது. காலுக்குக் கீழே வெறும் கலங்கல், மேலே தெளிவான ஒரு கை. அவளுக்கு அனுப்பினேன்.

"திரிபதாகம்" என்று மட்டும் பதில் வந்தது.