தீர்வு கேட்டார் ஒரு நடிகை!

நடிகை என்றதும் நாட்டிலே என்ன பேசுகின்றனர்? நடை என்ன, நகை என்ன, நாயகன் யார் என்றே பேசுகின்றனர். அவர் நடித்த படம் சட்டத்தையே கேள்விக் கூண்டில் ஏற்றியது என்று பேசக் கேட்டதுண்டா, தோழர்களே? எகிப்து நாட்டிலே அப்படியும் ஒரு நடிகை வாழ்ந்தார். அவர்தாம் 2015இல் மறைந்த ஃபாத்தின் ஹமாமா.

1931இல் பிறந்த அவர், பத்து வயது நிரம்புமுன்பே, 1940இல் வெளிவந்த 'இன்ப நாள்' படத்திலே தோன்றினார். வளர்ந்தபின் கிடைத்தவையோ பெரும்பாலும் அழுதிடும் அபலை வேடங்கள். 'அரபுத் திரையின் தலைவி' என்று பட்டமும் சூட்டினர். பட்டத்திலே நாம் மயங்கவில்லை. அபலைக்காகக் கண்ணீர் வடித்துவிட்டு, அவளை அபலையாகவே விட்டுவைப்பது கலையாகாது.

1965இல் ஹென்றி பரக்கத் இயக்கிய 'பாவம்' அந்தக் கண்ணீரைக் கேள்வியாக்கிற்று. யூசுஃப் இத்ரீஸ் எழுதிய கதை அது. நோயுற்ற கணவனுக்காகக் கிழங்கு தேடிச் சென்ற கூலிப் பெண் அஸீஸா, பலாத்காரத்துக்கு ஆளாகிறாள். பின்னர், சிசுவின் பிணத்தைக் கண்ட ஊரார், "பாவி யார்?" என்று தேடுகின்றனர். வதைக்கப்பட்டவளா பாவி? வறுமையை வளர்த்த அமைப்பா? படம் நம்மைக் கேட்கிறது.

1975இல் வந்தது ஸயீத் மர்ஸூக்கின் 'எனக்கொரு தீர்வு வேண்டும்.' கணவன் ஒரு சொல்லால் மனைவியை விலக்கலாம். மனைவி விலக வேண்டுமாயின், நீதிமன்றத்திலே கொடுமையை மெய்ப்பிக்க வேண்டும். இந்த அநீதியே கதை. நாயகி துரிய்யா ஆண்டுக்கணக்கில் படியேறுகிறாள், பொய்ச்சாட்சிகள் வருகின்றனர், வழக்குத் தோற்கிறது. வசதி படைத்த மாதின் துயரந்தானே என்பாருண்டு. நீதிமன்றத்திலே அவள் சந்திக்கும் முதியவளைப் பாருங்கள்! நெடுங்காலம் குடும்பம் நடத்தியபின் விலக்கப்பட்டு, ஜீவனாம்சத்துக்காக நிற்கிறாள். வழக்கு ஒருத்தியுடையதன்று, பெண்ணினத்தின் வழக்கு!

தோல்வியிலே படத்தை முடித்தது குறையா? அன்று; அதுவே அதன் வலிமை. திரையிலே தீர்ப்பு வாங்கித் தந்திருந்தால், மக்கள் நிம்மதியாக வீடு சென்றிருப்பர். கிடைக்காத தீர்ப்பே விவாதத்தை மூட்டிற்று.

1979இல் சட்டம் திருத்தப்பட்டது. படம் மட்டுமே காரணமன்று. பெண்கள் நெடுங்காலம் போராடியிருந்தனர். 1985இல் அச்சட்டத்தை நீதிமன்றம் செல்லாதாக்கிற்று. அவ்வாண்டே வேறொரு சட்டம் வந்தது. கொடுமையை மெய்ப்பிக்காமலே விலகும் உரிமையைப் பெண் பெற்றது 2000இல்தான். அதற்கும் விலை உண்டு: பெற்ற மணக்கொடையைத் திருப்பித் தர வேண்டும், பொருளுரிமைகளைத் துறக்க வேண்டும்.

ஆணுக்கு ஒரு சொல். பெண்ணுக்கு ஒரு விலை! துரிய்யா கேட்ட தீர்வு இதுதானா? படத்தைப் பாராட்டுவோம், அதன் கேள்வியை அணையவிடாது காப்போம்.