1200-இல் தொடங்கும் உலகம்

மகளின் நோட்டில் கட்டம் போட்ட அட்டவணை ஒன்று. இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக மதங்களின் பெயர்கள். மேலே குறுக்காக: தோன்றிய இடம், நிறுவியவர், கடவுள், புனித நூல், முக்கிய நம்பிக்கைகள். இந்து மதத்துக்கு நேரே 'நிறுவியவர்' கட்டத்தில் சின்னதாக ஒரு கோடு. கன்பூசியத்துக்கு நேரே 'கடவுள்' கட்டத்தில் ஒரு கேள்விக்குறி.

"இந்தக் கோடு என்னம்மா?"

"அங்க எழுத ஒண்ணும் இல்லப்பா. காலியா விட்டா முடிக்கலன்னு மார்க் குறைப்பாங்க. அதான் கோடு."

அவள் பத்தாம் வகுப்பு, கலிபோர்னியாவில். இந்த வருஷம் 'ஏ.பி. வேர்ல்டு ஹிஸ்டரி: மாடர்ன்' எடுத்திருக்கிறாள். அடுத்து அவள் கேட்ட கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது: "புத்தர் எந்த யூனிட்ல வருவார்?" பாடத்திட்டத்தை இறக்கி உட்கார்ந்து படித்தேன். மொத்தம் ஒன்பது யூனிட். புத்த மதம் முதல் யூனிட்டிலேயே இருக்கிறது, அதன் கிளைகளோடு. புத்தர் வரமாட்டார். ஏனென்றால் பாடம் தொடங்குவதே கி.பி. 1200-இல்.

இது எப்படி ஆச்சு என்பது சுவாரசியமான கதை. ஏ.பி. உலக வரலாற்றுக்கு முதல் தேர்வு 2002-இல் நடந்தது. அப்போது பாடம் கி.மு. 8000 வாக்கில், மனிதர்கள் விவசாயத்துக்கு வந்த இடத்தில் தொடங்கி இன்றுவரை ஓடியது. பத்தாயிரம் வருஷத்தை ஒரே கல்வியாண்டுக்குள் முடிக்கணும். ஆசிரியர்களுக்கு மூச்சு வாங்கியது. 2018 மே மாதத்தில் காலேஜ் போர்டு ஒரு முடிவை அறிவித்தது: இனி 1450-இலிருந்துதான். உடனே எதிர்ப்பு கிளம்பியது. 1450 என்பது ஐரோப்பியக் கப்பல்கள் வெளியே கிளம்பும் நேரம். அங்கிருந்து தொடங்கினால் ஆப்பிரிக்காவும் ஆசியாவும் அமெரிக்கப் பழங்குடிகளும் 'கண்டுபிடிக்கப்பட' காத்திருந்த ஆட்களாகத்தான் கதைக்குள் வருவார்கள் என்று ஆசிரியர்களும் மாணவர்களும் சொன்னார்கள். நியாயமான வாதம். அதே வருஷம் ஜூலையில் போர்டு இறங்கி வந்து 1200 என்றது. 1450-க்கும் பழைய நிலைக்கும் நடுவில் ஒரு பேரம் மாதிரிதான் எனக்குத் தெரிகிறது. 1200 வைத்தால் மங்கோலியர்கள் உள்ளே வருவார்கள், மாலி வரும், சோங் சீனம் வரும். ஐரோப்பா மையம் என்ற குற்றச்சாட்டு பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

ஆனால் வேறொன்று வெளியே போய்விட்டது. புத்தர், மகாவீரர், கன்பூசியஸ், சாக்ரடீஸ், இயேசு, முகமது நபி எல்லாரும் 1200-க்கு முந்தியவர்கள். ஜெர்மன் தத்துவ அறிஞர் கார்ல் யாஸ்பர்ஸ் 1949-இல் 'அச்சுக் காலம்' என்று ஒரு கருத்தை முன்வைத்தார்: கி.மு. 800-க்கும் 200-க்கும் நடுவில் சீனா, இந்தியா, பாரசீகம், பாலஸ்தீனம், கிரேக்கம் எல்லா இடத்திலும் மனிதன் தன்னைப் பற்றியே கேள்வி கேட்க ஆரம்பித்தான் என்று. அந்தக் கருத்தோடு சண்டை போடலாம், நிறைய பேர் போட்டிருக்கிறார்கள். சண்டை போடுவதற்கே அந்தக் காலம் பாடத்தில் இருக்க வேண்டுமே. (தமிழ் நண்பர்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: 1025-இல் ராஜேந்திரன் ஸ்ரீவிஜயத்தின் மேல் அனுப்பிய கப்பற்படையும் எல்லைக்கு வெளியேதான். அது எனக்கு இரண்டாம்பட்ச வருத்தம்.)

"இதெல்லாம் ஆறாம் வகுப்பிலேயே முடிஞ்சுடுச்சே" என்பார்கள். உண்மைதான். கலிபோர்னியாவில் ஆறாம் வகுப்பில் பண்டைய நாகரிகங்கள், ஏழில் இடைக்காலம், பத்தில் நவீன உலகம். பிள்ளைகள் பதினோரு வயதில் புத்தரையும் உபநிடதங்களையும் யூத மதத்தையும் பிளேட்டோவையும் 'முடித்துவிடுகிறார்கள்'. பதினோரு வயதுப் பிள்ளைக்கு என்ன சொல்லிக்கொடுக்க முடியும்? அட்டவணைதான். கோடும் கேள்விக்குறியும்தான். நாலு வருஷம் கழித்து, உண்மையிலேயே வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு 'எதுக்கு இதெல்லாம்' என்று யோசிக்கிற வயதில், அந்தப் பாடம் திரும்ப வருவதில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஏ.பி. எடுக்காத பிள்ளைகளுக்கான மாநிலத்தின் சாதாரணப் பத்தாம் வகுப்புப் பாடத்தில் பழங்காலம் சற்றுத் திரும்பி வருகிறது. கிரேக்க, ரோமானியத் தத்துவமும் யூத, கிறிஸ்தவ அறக்கருத்துகளும் மேற்கத்திய அரசியல் சிந்தனையை எப்படி வளர்த்தன என்பதுதான் அங்கே முதல் தலைப்பு. சாக்ரடீஸுக்கு இரண்டாவது வாய்ப்பு கிடைக்கிறது. கன்பூசியஸுக்கும் புத்தருக்கும் கிடைக்கவில்லை. யாரும் உட்கார்ந்து சதி பண்ணவில்லை. மேற்கத்திய அரசியல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் இப்படித்தான் பதில் வரும். கேள்வியை அப்படி வைத்ததில்தான் கோளாறு.

ஏ.பி. பாடத்தை முழுசாகத் திட்டவும் எனக்கு மனசு வரவில்லை. நான் தமிழ்நாட்டில் படிச்சப்போ வரலாறு என்றால் அசோகர் சாலையோரம் மரம் நட்டார், அவ்வளவுதான். காரணங்கள் ஐந்து, விளைவுகள் ஐந்து, ஆளுக்கு அரை மார்க். இங்கே தேர்வில் 'டி.பி.க்யூ' என்று ஒரு கேள்வி உண்டு. ஏழு ஆவணங்களைக் கையில் கொடுத்து, ஒரு மணி நேரத்தில் ஒரு வாதத்தைக் கட்டச் சொல்வார்கள். மொத்த மதிப்பெண்ணில் கால் பங்கு அதற்கு. ஆவணத்தை எழுதியவர் யார், யாருக்காக எழுதினார், ஏன் அப்படிச் சொல்கிறார் என்று கேட்டால் அதற்குத் தனி மதிப்பெண். லாக் ஃபைலை வைத்துக்கொண்டு எந்த செர்வர் பொய் சொல்கிறது என்று தேடிப் பிழைக்கிறவன் நான். இந்தப் பயிற்சியின் அருமை எனக்குத் தெரியும்.

சிக்கல், இந்தச் சட்டகத்துக்குள் மதம் எந்த வேலைக்கு வருகிறது என்பதில். மூன்றாம் யூனிட்டில் ஆட்சியாளர்கள் தங்கள் அதிகாரத்தை நியாயப்படுத்த மதக் கருத்துகளையும் கலையையும் பிரம்மாண்டமான கட்டடங்களையும் பயன்படுத்தினார்கள் என்று வருகிறது. ஐரோப்பிய மன்னர்களின் தெய்வீக உரிமை, மெக்சிகா மக்களின் நரபலி, சோங்காய் அரசு இஸ்லாத்தை வளர்த்தது எல்லாம் ஒரே வரிசையில் உதாரணங்கள். தவறில்லை, எல்லாம் நடந்தவைதான். ஆனால் வருஷம் முழுக்க மதம் இந்த ஒரு வேலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், பிள்ளை என்ன முடிவுக்கு வரும்? பக்தி இயக்கத்தைப் பற்றி மகள் எழுதிய பத்தியைப் பார்த்தேன். அது சமூகப் படிநிலையை எதிர்த்தது, சூஃபிகளோடு ஒப்பிடத்தக்கது, பரவலுக்கு உதவியது. மூன்று வாக்கியம், மூன்றும் சரி. பக்தி என்றால் யாருக்கோ யார் மேலேயோ வந்த ஒரு தவிப்பு என்பதற்கு அதில் அடையாளமே இல்லை. ரூப்ரிக்கில் தவிப்புக்கு மார்க் கிடையாது.

சரி, மதத்தை உள்ளிருந்து காட்டும் புத்தகம் ஒன்றைக் கொடுப்போம் என்று ஹஸ்டன் ஸ்மித்தின் 'தி வேர்ல்ட்ஸ் ரிலிஜியன்ஸ்' வாங்கிக் கொடுத்தேன். ஸ்மித் 1919-இல் சீனாவில், மெதடிஸ்ட் மிஷனரிக் குடும்பத்தில் பிறந்தவர். செயின்ட் லூயிஸில் பேராசிரியராக இருந்தபோது 1955-இல் தொலைக்காட்சியில் நடத்திய பாடங்கள்தான் 1958-இல் 'தி ரிலிஜியன்ஸ் ஆஃப் மேன்' என்று புத்தகமாகி, 1991-இல் பெயர் மாறியது. அமெரிக்காவில் 'உலக மதங்கள்' வகுப்பு என்றால் பல தலைமுறைகளுக்கு இந்தப் புத்தகம்தான். அழகான எழுத்து. இந்து மத அத்தியாயம் கடவுள் பட்டியலோடு தொடங்காது; மனுஷனுக்கு என்ன வேணும் என்ற கேள்வியோடு தொடங்கும். இன்பம், வெற்றி, கடமை, கடைசியில் விடுதலை. மகள் ஒரே மூச்சில் படித்தாள்.

பிறகு சாதி பற்றிய பகுதிக்கு வந்தாள். சாதியின் கொடுமையை ஸ்மித் மறைக்கவில்லை, ஒத்துக்கொள்கிறார். ஆனால் அங்கே நிற்காமல் வருணத்துக்குப் பின்னால் உள்ள 'தத்துவத்துக்கு'ப் போகிறார்: மனிதர்களில் ஞானிகள், நிர்வாகிகள், உற்பத்தியாளர்கள், பின்பற்றுகிறவர்கள் என்று நாலு வகை. "இதுல நாலாவது ஆளை யாரு கேட்டாங்கப்பா, உனக்குப் பின்பற்றத்தான் புடிக்குமான்னு?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. இந்தியாவில் கேட்டிருக்கிறார்கள், பதிலும் சொல்லியிருக்கிறார்கள் என்று மட்டும் சொல்லி அம்பேத்கரின் 'சாதியை அழித்தொழித்தல்' இருக்கும் அலமாரியைக் காட்டினேன். மதங்களை அவற்றின் சிறந்த நிலையில் காட்டுவதே தன் நோக்கம் என்று ஸ்மித் முதலிலேயே சொல்லிவிடுகிறார். நேர்மைதான். அதற்காக வரலாற்றைக் கழற்றி வெளியே வைத்துவிட்டார். ஏ.பி. பாடமோ உள்ளே இருந்த விளக்கை அணைத்துவிட்டு வரலாற்றை மட்டும் வைத்துக்கொண்டது.

இதற்குச் சட்டமா தடை? இல்லை. 1963-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஷெம்ப் வழக்கில் பள்ளிகளில் வழிபாடாக பைபிள் வாசிப்பதைத் தடை செய்தது. அதே தீர்ப்பில் மதங்களின் வரலாற்றையும் ஒப்பீட்டையும் கல்வியாகப் படிப்பதில் தடையில்லை, அது இல்லாமல் கல்வியே முழுமையாகாது என்ற பொருளில் நீதிபதி கிளார்க் எழுதினார். இதே கலிபோர்னியாவில் மொடெஸ்டோ நகரப் பள்ளிகளில் 2000-இலிருந்து ஒன்பதாம் வகுப்புக்கு உலக மதங்கள் கட்டாயப் பாடம். 2006-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அதைப் படித்த பிள்ளைகளிடம் மற்ற மதத்தவரின் உரிமைகள் மீதான மதிப்பு கூடியது என்றது. ஆக, செய்ய முடியும். பெரும்பாலான இடங்களில் தடுப்பது பயம். பெற்றோர் வந்து நிற்பார்கள் என்ற பயம். 2005-06-லும் 2016-லும் இதே மாநிலத்தில் இந்திய வரலாற்றுப் பாடத்துக்காக, குறிப்பாகச் சாதி என்ற சொல் எங்கே வரலாம் என்பதற்காக, நம்மவர்களே இரண்டு அணியாகப் பிரிந்து சண்டை போட்டதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் புரியும். எந்த ஆசிரியருக்கும் அட்டவணைதான் பத்திரம்.

விவாதத்துக்குப் பயப்படாத வகுப்பு எப்படி இருக்கும் என்று யோசித்தால் எனக்கு மணிமேகலைதான் ஞாபகம் வருகிறது. 27-ஆம் காதையில் அவள் வஞ்சி நகரில் சைவவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகவாதி, நிகண்டவாதி, சாங்கியவாதி என்று வரிசையாகப் போய்க் கேட்கிறாள். அதுவும் இளம்பெண்ணுக்கு யாரும் சொல்லித்தர மாட்டார்கள் என்று தவசி வேஷத்தில். கண்ணால் கண்டதே உண்மை என்று பூதவாதி சொன்னதும், அப்போ உன் அப்பா அம்மாவை எப்படித் தெரிஞ்சுக்கிட்டே, அனுமானத்தால்தானே என்று மடக்குகிறாள். நடுநிலையான நூல் ஒன்றும் இல்லை. பௌத்தம் ஜெயிக்கும் என்று முடிவு பண்ணித்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொருவரும் தன் வாயால் தன் வாதத்தைச் சொல்கிறார், கேட்பவள் எதிர்க்கேள்வி போடுகிறாள். அட்டவணையில் இந்த இரண்டும் கிடையாது.

இப்போ சனிக்கிழமை சாயங்காலங்களில் நானும் மகளும் 'மிலிந்த பன்ஹா'வை ஆங்கில மொழிபெயர்ப்பில் படிக்கிறோம். கி.மு. இரண்டாம் நூற்றாண்டு இந்தோ-கிரேக்க அரசன் மினாண்டர், நாகசேனர் என்ற பிக்குவிடம் கேள்வி கேட்கும் பாலி நூல். நீங்கள் வந்த தேர் எது, அச்சா, சக்கரமா, நுகமா என்று நாகசேனர் திருப்பிக் கேட்கும் இடத்தில் அவள் அரை மணி நேரம் சண்டை போட்டாள். "அப்போ என் லேப்டாப்ல ஒவ்வொரு பார்ட்டா மாத்தினா?" என்று ஆரம்பித்து.

அதோடு நிற்காமல் டி.பி.க்யூ. பயிற்சியையும் அதில் போட்டுப் பார்த்தோம். மினாண்டர் கடைசியில் நாட்டை மகனிடம் கொடுத்துவிட்டுத் துறவியாகி அருகத நிலை அடைந்தார் என்று பாலி நூலின் பிற்பகுதி சொல்கிறது. புளூட்டார்க்கோ அவர் போர்ப் பாசறையில் இறந்தார், நகரங்கள் சண்டை போட்டு அவர் சாம்பலைப் பங்கிட்டுக்கொண்டன என்கிறார். அவருடைய நாணயங்களில் ஒரு பக்கம் கிரேக்க எழுத்து, மறுபக்கம் கரோஷ்டி. பலவற்றில் அத்தீனா தேவி நிற்கிறாள், ஒரு வகையில் எட்டு ஆரச் சக்கரம் இருக்கிறது. மூன்று ஆவணம். துறவியானாரா, பாசறையில் செத்தாரா? சாம்பலைப் பங்கிடுவது புத்தருக்கு நடந்த மாதிரியே இருக்கே என்று அவளே பிடித்தாள். ஆறாம் வகுப்பில் எங்கோ படித்தது ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

மே மாதம் தேர்வு. இதில் ஒரு வரிகூட அங்கே கேட்கமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். போன வாரம் புத்தகத்தை மூடும்போது கேட்டாள்: "இந்த ராஜா கிரேக்கர்தானே? ஒரு தடவைகூட ஜெயிக்க மாட்டேங்கிறாரே, இதை யாருப்பா எழுதினது?"