சிட்னித் தங்கமும் எட்மண்டன் வெள்ளியும்

எஸ்டோனியாவின் எர்கி நோல் பெயரை எடுத்தாலே பேச்சு சிட்னியின் வட்டு எறியும் வளையத்தில் போய் நின்றுவிடும். 2000 ஒலிம்பிக், டெகத்லானின் இரண்டாம் நாள். முதல் இரண்டு எறிதலும் ஃபவுல். மூன்றாவதுக்கும் சிவப்புக் கொடி உயர்ந்தது. நோல் அங்கேயே ஆட்சேபித்தார். முடிவு மாறியது, 43.66 மீட்டர் கணக்கில் ஏறியது. மற்ற அணிகளின் முறையீடு எடுபடவில்லை. கடைசியில் நோல் 8641 புள்ளி, செக் நாட்டு ரோமன் ஷெப்ர்லே 8606.

சர்ச்சைக்குரிய அந்த ஒரு எறிதலின் மதிப்பு 739 புள்ளி. அது செல்லாமல் போயிருந்தால் தங்கம் என்ன, வெண்கலம்கூட இல்லை. 'கொடி மாற்றிக் கொடுத்த தங்கம்' என்ற ஏளனம் இதிலிருந்து வந்ததுதான். முறையீட்டை விசாரித்துத் தள்ளியபின் விதிப்படி அந்த வழக்கு முடிந்துவிட்டது. ஆனால் ஒரு வீரரின் தரத்தை விதிப்புத்தகம் சொல்லாது.

எறிந்த தூரத்தையே எடுத்துக்கொள்வோம். அடுத்த ஆண்டு எட்மண்டன் உலகப் போட்டியில் அவர் எறிந்தது 43.40. ஆக, சிட்னியில் விழுந்தது குருட்டாம்போக்கு வீச்சல்ல. அவருடைய வழக்கமான அளவுதான். இரண்டு ஃபவுலுக்குப் பிறகு பலரும் கையைக் கட்டுப்படுத்திப் பத்திரமாக எறிவார்கள். அவர் அப்படி 40 மீட்டரோடு நின்றிருந்தால் 74 புள்ளி குறைந்து பதக்கமே கைநழுவியிருக்கும். முழு வேகத்தில் சுழன்றதால்தான் அந்த எறிதலே சந்தேகத்துக்கு ஆளானது என்று எதிர்த்தரப்பு சொன்னால் அதையும் மறுப்பதற்கில்லை.

(எஸ்டோனியருக்கும் கொடிக்கும் ஏதோ ஜாதகப் பொருத்தம்போல. 1980 மாஸ்கோவில் சோவியத் அணிக்காக மும்முறைத் தாண்டுதலில் தங்கம் வென்ற யாக் உத்மேயும் எஸ்டோனியர். அங்கே சிவப்புக் கொடிகள் அவருடைய போட்டியாளர்கள்மேல் பாய்ந்ததாக இன்றும் குற்றச்சாட்டு உண்டு.)

என் பார்வையில் நோலுக்குச் சிட்னியில் கிடைத்த பெரிய அதிர்ஷ்டம் கொடியல்ல, காலம். 1999இல் 8994 புள்ளியோடு உலக சாதனை படைத்த இன்னொரு செக் வீரர் தோமாஷ் த்வோர்ஷாக் காயத்தோடு இறங்கி ஆறாவதாக முடித்தார். ஷெப்ர்லே 9026 எடுத்து 9000ஐத் தாண்டிய முதல் மனிதரானது சிட்னிக்கு மறு ஆண்டில். ஒருவர் சறுக்கியிருந்தார், மற்றவர் இன்னும் உச்சிக்கு வரவில்லை. அந்த இடைவெளியில் நோல் புகுந்தார்.

புகுவதற்கு அவரிடம் கால்கள் இருந்தன. சிட்னியில் 7.76 மீட்டர் நீளம் தாண்டி ஆயிரம் புள்ளியை அள்ளினார். 400 மீட்டரை 46.71 விநாடியில் ஓடினார். கைதான் பலவீனம். 15.11 மீட்டர் குண்டு எறிதலுக்கு 800 புள்ளிகூடத் தேறவில்லை, வட்டில் அதைவிடக் குறைவு. இப்படி எறிதல்களில் வட்டி கட்டிக்கொண்டிருந்தவரால் அந்த இரண்டு செக் வீரர்களை அவர்களுடைய நல்ல நாளில் எட்டியிருக்க முடியாது.

அதை நிரூபித்ததும் எட்மண்டன்தான். 2001இல் கோலூன்றி 5.40 மீட்டர் தாண்டினார், சிட்னியில் 5.00 மட்டுமே. அந்த ஒரு நிகழ்வில் மட்டும் 125 புள்ளி கூடியது. மொத்தம் 8815, அவருடைய வாழ்நாள் சிறப்பு. அப்படியும் த்வோர்ஷாக் 8902 எடுத்து முந்திக்கொள்ள, நோலுக்கு வெள்ளி.

சிட்னித் தங்கம் செல்லும். அதைத் திருட்டுச் சொத்துபோலப் பேசுவது அநியாயம். ஆனால் அதை அவருடைய சிகரம் என்று சொல்பவர்கள் புள்ளிப் பட்டியலைப் பார்க்காதவர்கள். 1998இல் புடாபெஸ்டில் ஐரோப்பிய சாம்பியன் ஆனபோதே அவர் எடுத்தது 8667, சிட்னியைவிட 26 அதிகம். தன் தலைமுறையில் நோலுக்கு உரியது அந்த இரு செக் வீரர்களுக்கு அடுத்த இடம். அதற்குச் சான்றாக நான் முன்வைப்பது எட்மண்டன் வெள்ளியைத்தான்.