ஆ க்யூவின் மனவெற்றியும் பண்பாட்டு அடையாளமும்

லூ சுன் 1921 டிசம்பர் முதல் 1922 பிப்ரவரி வரை தொடராக வெளியிட்ட ‘ஆ க்யூவின் உண்மைக் கதை’, சீனரின் தேசியக் குணக்குறையைச் சாடும் படைப்பாகவே பெரிதும் கொள்ளப்படுகிறது. அடிபட்ட பின்னும் தன்னை வென்றவனாகக் கருதிக்கொள்ளும் ஆ க்யூவின் ‘மனவெற்றி’ அதற்குச் சான்றாகக் காட்டப்படும்.

ஆயின் கதையமைப்பு வேறொன்றை உணர்த்துகிறது. சாவோ என்னும் குடிப்பெயரைத் தனதென்று கூறியமைக்காக அவன் அறையப்படுகிறான். 1911 புரட்சியின்போது சாவோ வீட்டு மகன் சடையை உச்சியில் சுருட்டிப் புரட்சியாளனாகிறான். அவ்வாறே சுருட்டிய ஆ க்யூவோ துரத்தப்படுகிறான். இறுதியில் எழுத்தறியாத அவன் கையொப்பமாக இடும் வட்டமும் கோணுகிறது.

குடிப்பெயர், புரட்சி, எழுத்து ஆகிய மூன்றிலும் இடமற்றவனுக்கு எஞ்சுவது மனவெற்றி ஒன்றே. எனவே அதனை இனத்தின் இயல்பு எனல் பொருந்தாது. ஆட்சி மாறியும் படிநிலை மாறாத சமுதாயத்தின் விளைவு எனலே தகும்.