நோயாளிக்கு உரிய உண்மை

வாழ்க்கையில் உண்மை பெரிதா, இன்பம் பெரிதா என்ற வினாவைத் தத்துவ ஞானிகள் நெடுங்காலமாக விசாரித்து வந்திருக்கிறார்கள். ஆயினும் அவர்கள் காட்டும் திருஷ்டாந்தங்கள் பெரும்பாலும் கற்பனையில் பிறந்தவை. ஜெர்மானிய ஞானி இம்மானுவேல் காண்ட், 1797-இல் எழுதிய சிறு கட்டுரையொன்றில், நண்பனைக் கொல்ல வந்து வாசலில் நின்று அவன் உள்ளே இருக்கிறானா என்று வினவும் கொலைகாரனிடத்துங்கூடப் பொய் சொல்லலாகாது என்று வாதித்தார். குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையின் ஸ்தானத்தைப் பெறும் என்று திருவள்ளுவர் இடங்கொடுத்ததையோ நாம் அனைவரும் பள்ளிப் பருவத்திலேயே பாடம் செய்திருக்கிறோம். கொலைகாரன் நம் வாசலுக்கு வருவது அபூர்வம். விளையப்போகும் நன்மை குற்றமற்றதா என்பதை முன்கூட்டி அறிவது அதனினும் அபூர்வம். ஆனால் இதே வினா, யாரும் கற்பனை செய்ய வேண்டிய அவசியமின்றி, நாள்தோறும் எழுகின்ற இடம் ஒன்று உண்டு: தீராத வியாதி என்று கண்டுகொண்ட வைத்தியர், அதனை நோயாளியிடம் சொல்வதா, அவருடைய மனநிம்மதியைக் காப்பதா என்று தயங்கி நிற்கும் படுக்கையருகு. அந்த இடத்தைப் பற்றிக் கடந்த இரு நூற்றாண்டுகளில் எழுதப்பட்டவற்றுள் முக்கியமான சிலவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மறைப்பதே தர்மம் என்பதுதான் மேலைநாட்டு வைத்தியத்தின் பழைய சம்பிரதாயம். ஹிப்போகிரட்டஸின் பெயரால் வழங்கும் நூல்களிலேயே, நோயாளியிடமிருந்து பலவற்றை மறைத்துவிடும்படி வைத்தியருக்கு உபதேசம் இருக்கிறது. மான்செஸ்டர் நகரத்து வைத்தியரான தாமஸ் பெர்சிவல் 1803-இல் வெளியிட்ட வைத்திய நீதி நூல், துயரமான முடிவுகளை உறவினருக்குத் தெரிவித்துவிட்டு, நோயாளியிடத்தில் நம்பிக்கையை வளர்ப்பவராக வைத்தியர் நடந்துகொள்ள வேண்டும் என்றது. 1847-இல் அமெரிக்க வைத்திய சங்கம் தனக்கென ஒரு நெறிமுறையை வகுத்தபோது பெர்சிவலின் கருத்தையே பெரிதும் தழுவிக்கொண்டது. இதனைக் கபடம் என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. வியாதியின் மூலமும் தெரியாமல், அதை நிறுத்தும் மருந்தும் இல்லாமல் இருந்த ஒரு காலத்தில், வைத்தியர் கையில் மிஞ்சியிருந்த ஒரே ஔஷதம் நம்பிக்கைதான். அதையும் தம் வாயாலேயே பறித்துவிட அவர் கூசினார்.

அக்காலத்திலேயே மாறுபட்ட குரல்களும் இருந்தன. ஆங்கில அகராதி ஆசிரியர் சாமுவேல் ஜான்சன், நோயாளி கலங்குவான் என்று அஞ்சி அவனிடம் பொய் சொல்லும் வழக்கத்தைக் கடுமையாக வெறுத்தவர். 1784-ஆம் ஆண்டின் இறுதியில் தாமே மரணப் படுக்கையில் கிடந்தபோது, பிழைப்பேனா என்று வைத்தியர் பிராக்கிள்ஸ்பியை நேராகக் கேட்டு, அற்புதம் நிகழ்ந்தாலொழிய இல்லை என்ற பதிலைப் பெற்று, அதன்பின் தெளிந்த ஆத்மாவுடன் இறைவனிடம் செல்ல வேண்டுமென்று மயக்க மருந்துகளை மறுத்துவிட்டதாக அவருடைய சரிதத்தை எழுதிய பாஸ்வெல் கூறுகிறார். ஒருவர் வீம்புக்காக ஒரு கொள்கையைப் பேசுகிறாரா, உள்ளபடியே அதை நம்புகிறாரா என்பதற்கு இதைவிடக் கடினமான பரீட்சை இராது.

இத்துறையில் எழுந்த நூல்களுள் மிக ஆழமானது வைத்தியர் எவரும் எழுதியதன்று. டால்ஸ்டாய் 1886-இல் வெளியிட்ட 'இவான் இலியிச்சின் மரணம்' என்ற குறுநாவலே அது. உத்தியோகமும் கௌரவமும் படைத்த நீதிபதியொருவர் நோயுற்றுப் படுக்கிறார். சரீர வேதனையைக் காட்டிலும் அவரை அதிகமாக வதைப்பது, அவர் சாகவில்லை, சாதாரணமாகத்தான் நோயுற்றிருக்கிறார் என்று மனைவியும் மக்களும் வைத்தியர்களும் சேர்ந்து நடத்துகின்ற நாடகம். அதைவிடக் கொடுமை, அந்த நாடகத்தில் அவரும் ஒரு வேஷம் கட்டிக்கொண்டு நடிக்க வேண்டியிருப்பது. வீட்டு வேலைக்காரனான கெராசிம் ஒருவன்தான் பொய் சொல்வதில்லை; ஆகவே அவன் அருகில் இருக்கும்போது மட்டும் நோயாளிக்கு ஆறுதல் கிடைக்கிறது. இன்பத்தின் பொருட்டு உண்மையை மறைக்கிறோம் என்பவர்கள், யாருடைய இன்பத்தின் பொருட்டு என்று கேட்டுக்கொள்வதில்லை என்பதை டால்ஸ்டாயைப் போல் தெளிவாகக் காட்டியவர் எவரையும் நான் அறியேன். அந்த வீட்டில் பொய்யினால் சௌக்கியம் அடைகிறவர்கள் சுற்றி நிற்பவர்களே. அதற்குரிய விலையைக் கொடுப்பவர் படுத்திருப்பவர்.

இலக்கியம் கண்டதை வைத்தியம் காண நெடுநாள் ஆயிற்று. பாஸ்டன் நகரத்து வைத்தியர் ரிச்சர்ட் கேபட், நோயாளிகளிடம் உண்மையைச் சொல்லிப் பார்த்து, அவர்கள் அதைத் தாங்கிக்கொள்வதை நேரில் கண்டு, 1903-இல் ஒரு கட்டுரை எழுதினார். அதனால் வழக்கம் மாறிவிடவில்லை. 1961-இல் டொனால்ட் ஓக்கன் என்ற மனோவைத்தியர், சிகாகோவிலுள்ள மைக்கேல் ரீஸ் ஆஸ்பத்திரியின் வைத்தியர்கள் 219 பேரிடம் விசாரித்தபோது, புற்றுநோய் என்று நோயாளியிடம் சொல்வதில்லை என்பதே சுமார் 90 சதவீதத்தினரின் வழக்கமாக இருந்தது. ஏன் என்று கேட்டதற்குப் பெரும்பாலோர் அநுபவத்தையே ஆதாரமாகக் காட்டினர். ஆனால் ஓக்கன் துருவி நோக்கியபோது, அவர்களுள் மிகச் சிலரே வேறு வழியை எப்போதேனும் கையாண்டு பார்த்தவர்கள் என்பதும், அநுபவம் குறைந்த இளையவர்களும் முதியவர்களின் அபிப்பிராயத்தையே கொண்டிருந்தனர் என்பதும் வெளிப்பட்டன. அநுபவம் என்று பெயரிடப்பட்டது உண்மையில் அச்சமே. இதைவிடச் சுவையான செய்தி ஒன்றும் அந்த ஆய்விலே இருக்கிறது: தமக்கே அந்நோய் வந்தால் தம்மிடம் சொல்ல வேண்டும் என்று அவ்வைத்தியர்களில் பாதிக்கு மேற்பட்டோர் விரும்பினர். உண்மையா, இன்பமா என்ற தராசைப் பிறருக்காகப் பிடிக்கும்போது ஒருபுறமும், தமக்காகப் பிடிக்கும்போது மறுபுறமும் தட்டு தாழ்கிறது. இவ்வினாவைப் பற்றி இதுகாறும் நடந்த விவாதத்தின் பெரும் பிழை, பிடித்திருக்கும் கை யாருடையது என்பதைக் கவனியாததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பின்னர் நிகழ்ந்த மாறுதல் வியக்கத்தக்கது. 1979-இல் ராச்செஸ்டர் நகரத்து வைத்தியர்களிடம் அதே வினாப்பட்டியலைக் கொடுத்தபோது 97 சதவீதத்தினர் சொல்வதே முறை என்றனர். இடையில் மருந்துகள் பெருகியிருந்தன. நோயாளியின் சம்மதமின்றிச் சிகிச்சையில்லை என்ற சட்ட விதி வலுப்பெற்றிருந்தது. சாகும் நிலையில் உள்ளவர்களோடு பேசி எலிஸபெத் கூப்ளர்-ராஸ் எழுதிய நூல் 1969-இல் வெளியாகிப் பலர் கைக்குச் சென்றிருந்தது. ஆகவே வைத்தியர்கள் திடீரென்று சத்தியசந்தர்களாகிவிட்டார்கள் என்று எண்ண வேண்டியதில்லை. சொல்வதற்குத் துணிவு குறைவாகவே தேவைப்படும் காலம் வந்தது.

இது மேல்நாட்டு நாகரிகம், குடும்பமே நோயாளியின் பாரத்தைச் சுமக்கும் கீழ்நாடுகளுக்கு ஒவ்வாது என்பது அடிக்கடி கேட்கும் ஆட்சேபம். ஜப்பானியச் சக்கரவர்த்தி ஹிரோஹிதோவுக்குப் புற்றுநோய் இருந்ததை, 1989 ஜனவரியில் அவர் காலமான பிறகுதான் நாட்டுக்கு அறிவித்தார்கள். நம்மூர் ஆஸ்பத்திரிகளில் மகனோ மருமகனோ முன்னதாகவே உள்ளே வந்து, "அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், டாக்டர்" என்று கும்பிட்டுக் கேட்பது எல்லோரும் அறிந்த காட்சி; அந்தக் கும்பிடில் அன்பு இல்லை என்று சொல்லுகிறவன் மனிதனல்லன். ஆயினும் 1995-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் முதியோர் 800 பேரிடம் நடந்த ஆய்வு இந்த ஆட்சேபத்தைச் சற்று நின்று யோசிக்க வைக்கிறது. பரவிவிட்ட புற்றுநோயை நோயாளியிடம் தெரிவிக்க வேண்டும் என்றவர்கள் ஐரோப்பிய வம்சத்தாருள் 87 சதவீதம். கொரிய வம்சத்தாருள் 47 சதவீதம். வித்தியாசம் பெரிதுதான். ஆனால் மறைக்கும் மரபுடையோர் என்று சொல்லப்படும் அந்தச் சமூகத்திலேயே ஏறத்தாழப் பாதிப் பேர் சொல்ல வேண்டும் என்கிறார்கள். எதிரே அமர்ந்திருக்கும் முதியவர் எந்தப் பாதியைச் சேர்ந்தவர் என்பதை மரபு தெரிவிக்காது. அவரிடந்தான் கேட்டாக வேண்டும்.

கேட்டால் அவர் வேண்டாம் என்றும் சொல்லலாம். சத்தியவாதிகள் தடுமாறும் இடம் இது. ஹண்டிங்டன் நோய், பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் சரிபாதி வாய்ப்புடன் இறங்கும் நரம்பு வியாதி. தாயை அந்நோய்க்குப் பறிகொடுத்த நான்ஸி வெக்ஸ்லர், வெனிசுவேலாவின் மரக்காய்போ ஏரிக்கரைக் குடும்பங்களிடையே ஆண்டுக்கணக்காக உழைத்து, 1983-இல் அதன் மரபணு அடையாளமும் 1993-இல் மரபணுவும் கண்டறியப்படுவதற்குக் காரணமானவர்களுள் ஒருவர். ஆயினும் அந்த உழைப்பால் பிறந்த பரிசோதனையைத் தமக்கு அவர் வெகுகாலம் செய்துகொள்ளவில்லை. தமக்கும் அந்நோய் உண்டென்பதை 2020-இல்தான் உலகுக்குத் தெரிவித்தார். சோதனை வருமுன் செய்துகொள்வோம் என்ற பலரும், வந்தபின் ஒதுங்கிக்கொண்டனர். மறுபுறம், 1992-இல் வெளியான கானடா நாட்டு ஆய்வில், முடிவை அறிந்தவர்கள், அது நல்லதாயினும் தீயதாயினும், ஓராண்டு கழித்து, அறியாமலே இருந்தவர்களைவிட மனநலத்தில் மேம்பட்டிருந்தனர். ஆகவே வெக்ஸ்லர் செய்தது பிழை என்பீர்களா? நான் சொல்லமாட்டேன். 1997-இல் ஐரோப்பிய நாடுகள் ஓவியேடோவில் செய்துகொண்ட உடன்படிக்கை, அறியும் உரிமையோடு அறியாதிருக்கும் விருப்பத்தையும் மதிக்கச் சொன்னது. தன் உண்மையைத் தானே தள்ளிவைப்பவனுக்கும், பிறரால் அது எடுத்து ஒளித்துவைக்கப்பெற்றவனுக்கும் உள்ள தூரம் மிகப் பெரிது.

சொல்வதே முறை என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகு விஷயம் முடிந்துவிட்டதாக நினைத்தவர்களுக்கு 2012-இல் ஓர் ஆய்வு வந்தது. அமெரிக்காவில் முற்றிய நுரையீரல், குடல் புற்றுநோய்களுக்குக் கீமோதெரபி பெற்றுவந்த 1193 பேரிடம் விசாரித்ததில், அச்சிகிச்சை தம்மைக் குணப்படுத்த வாய்ப்பில்லை என்பதை நுரையீரல் நோயாளிகளுள் 69 சதவீதமும் குடல் நோயாளிகளுள் 81 சதவீதமும் அறிந்திருக்கவில்லை. தம் வைத்தியர் நன்றாகப் பேசுகிறார் என்று மிகவும் மெச்சியவர்களே அத்தவறான எண்ணத்தை அதிகம் கொண்டிருந்தனர். இங்கே எந்த வைத்தியரும் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. நோயின் பெயரைச் சொல்லிவிட்டு, அடுத்த ஊசி எந்தத் தேதியில், அதற்குமுன் எந்த இரத்தப் பரிசோதனை என்ற விவரங்களுக்குள் இருவரும் சேர்ந்தே நுழைந்துவிட்டால், குணமாகுமா என்ற கேள்வி கேட்கப்படாமலே அந்தச் சந்திப்பு முடிந்துவிடுகிறது.