ஃபிராங்க் ரைக்: ஒரு மாற்று ஆட்டக்காரரின் கதையும் அதைச் சொல்லும் முறையும்

கிறித்தவ மேடைகளில் எடுத்துரைக்கப்படும் விளையாட்டுக் கதைகளுள் ஒன்று, அமெரிக்கக் கால்பந்து வீரர் ஃபிராங்க் ரைக்கின் கதை. 1993 சனவரி 3ஆம் நாள், நியூயார்க் மாநிலத்து ஆர்ச்சர்ட் பார்க் திடலில், பஃபலோ பில்ஸ் அணி ஹூஸ்டன் ஆயிலர்ஸ் அணியிடம் 35க்கு 3 என்று பின்தங்கி நின்றது. முதன்மை ஆட்டக்காரரான ஜிம் கெல்லி முழங்காலில் காயமுற்று வெளியே இருந்தார். அவருக்குப் பதிலாக ஆட வந்த ரைக் மனந்தளரவில்லை. 41க்கு 38 என்று அணி வென்றது. ஆட்டம் முடிந்ததும் செய்தியாளர்முன் அவர் ஒரு கிறித்தவப் பாடலின் வரிகளை வாசித்துக் காட்டினார். கதை இங்கே முடிக்கப்படுகிறது. நம்புகிறவன் வெல்வான் என்ற பாடத்தோடு கேட்போர் வீடு திரும்புகின்றனர்.

இக்கதையில் பொய் ஏதுமில்லை. அது நிறுத்தப்படும் இடமே தவறு என்பது நம் கருத்து. ஒரு மனிதரின் பதினான்கு ஆண்டுத் தொழில் வாழ்விலிருந்து ஒரே ஒரு பிற்பகலை வெட்டியெடுத்துச் சாட்சியம் என்று நாம் வழங்கும்போது, அம்மனிதருக்கும் சாட்சியம் என்னும் சொல்லுக்கும் ஒருசேர அநீதி செய்கிறோம்.

அமெரிக்கர் கால்பந்து என்று அழைப்பது நாம் அறிந்த கால்பந்து அன்று. பெரும்பாலும் கையால் ஆடப்படுவது, பக்கத்துக்குப் பதினொருவர். அவர்களுள் ஒருவர் குவார்ட்டர்பேக். ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் அவர் கைக்கே வருகிறது. எறிவதா, ஓடுபவரிடம் கொடுப்பதா என்பதை ஓரிரு நொடிகளில் அவரே முடிவுசெய்ய வேண்டும். இவ்விடத்தில் ஒரே நேரத்தில் இருவர் ஆட இயலாது. மற்ற இடங்களைப்போல் ஆளை மாற்றி மாற்றி இறக்கும் வழக்கமும் இல்லை. ஆகவே இரண்டாமவர் எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்கிறார். வாரம் முழுவதும் எதிரணியின் உத்திகளை நடித்துக் காட்டித் தம் அணியின் தடுப்பாளர்களைப் பழக்குகிறார். ஆட்ட நாளில் குறிப்பேட்டுடன் நின்று, தமக்கு வரப்போவதில்லை என்று ஏறத்தாழ உறுதியான ஒரு பணிக்கு முழுமையாக ஆயத்தமாகிறார்.

இதில் ஒரு நுட்பமான அறச்சிக்கல் இருப்பதை நாம் கவனிக்க வேண்டும். அவருக்கு வாய்ப்பு வருவது பெரும்பாலும் தோழர் ஒருவரின் உடல் முறியும்போதுதான். அந்த நாளுக்காக அவர் உழைக்க வேண்டும். அந்த நாளை விரும்பவோ கூடாது. இவ்விரண்டையும் ஒரே நெஞ்சில் ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பது எளிய துறவு அன்று. மேடையில் இதைப்பற்றி யாரும் பேசுவதில்லை. பேசினால் கதையின் வேகம் குறைந்துவிடும் போலும்!

ரைக் 1985இல் பஃபலோ அணிக்குத் தெரிவுசெய்யப்பட்டார். அடுத்த ஆண்டே கெல்லி வந்து சேர்ந்ததால் இரண்டாம் இடம் அவருக்கு நிலைத்தது. 1989இல் கெல்லி காயமுற்றபோது மூன்று ஆட்டங்களைத் தொடங்கி மூன்றிலும் வென்றார். கெல்லி குணமானதும் இடத்தைத் திருப்பித் தந்தார். அதற்கு முன்பே, மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் தோள்காயத்தால் தம் முதலிடத்தை இழந்திருந்தவர் அவர். 1984 நவம்பரில் மியாமி பல்கலைக்கழக அணியுடன் நடந்த ஆட்டத்தின் பாதியில், 31க்கு 0 என்ற நிலையில், அவர் உள்ளே அனுப்பப்பட்டார். முடிவில் மேரிலாந்து 42க்கு 40 என்று வென்றது. அன்றைய நாளில் கல்லூரி ஆட்டங்களில் அதுவே மிகப்பெரிய மீட்சி.

இனி அந்த 1993ஆம் ஆண்டு ஆட்டத்துக்கு வருவோம். 28க்கு 3 என்றிருந்த இடைவெளியை 35க்கு 3 ஆக்கியது யார்? மூன்றாம் கால்பகுதி தொடங்கிய சிறிது நேரத்தில் ரைக் எறிந்த பந்தைத்தான் ஹூஸ்டனின் பப்பா மெக்டவல் இடைமறித்து, 58 கெஜம் ஓடி இலக்கைத் தொட்டார். பள்ளத்தின் கடைசி அடியைத் தோண்டியவர் ரைக்கே. மேடைக் கதைகளில் இச்செய்தி பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. நமக்கோ இதுவே கதையின் உயிர்நாடியாகத் தோன்றுகிறது. தம் பிழையின் பயனைக் கண்முன் கண்ட ஒருவர், அடுத்த முயற்சிக்குப் பந்தை மீண்டும் கையில் வாங்கினார். பிறகு டான் பீபிக்கு ஒன்று, ஆண்ட்ரே ரீடுக்கு மூன்று என நான்கு டச்டவுன் எறிதல்கள். கூடுதல் நேரத்தில் நேட் ஓடம்ஸ் எதிரணியின் பந்தை இடைமறித்தார். ஸ்டீவ் கிறிஸ்டி 32 கெஜ உதையில் ஆட்டத்தை முடித்தார். தடுப்பாளரும் உதைப்பாளரும் இன்றி இம்மீட்சி இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அன்று எதிரணியில் தோற்றவர் யார் என்றும் கேட்போம். அவர் பெயர் வாரன் மூன். அமெரிக்க அணிகள் கறுப்பினத்தவரைக் குவார்ட்டர்பேக் இடத்தில் அமர்த்தத் தயங்கிய காலத்தில், 1978இல் எவராலும் தெரிவுசெய்யப்படாமல், கனடாவுக்குச் சென்று எட்மண்டன் அணியில் ஆறு பருவங்கள் ஆடினார். ஐந்து முறை தொடர்ந்து அந்நாட்டுக் கோப்பையை வென்றார். அதன் பின்னரே 1984இல் தாயகத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. காத்திருத்தலின் கசப்பை ரைக்கைவிட ஆழமாக அறிந்தவர் அவர். அன்று முதல் பாதியில் நான்கு டச்டவுன் எறிந்தவரும் அவரே. இறைவன் அன்று பஃபலோ பக்கம் நின்றார் என்று சொன்னால், வாரன் மூனை விட்டு ஏன் விலகினார் என்ற வினாவுக்கும் விடை சொல்ல வேண்டும். நம் பேச்சாளர்கள் அந்த வினாவின் அருகே கூட வருவதில்லை.

கதை விட்டுச்செல்லும் மற்றொரு நாள் 1993 சனவரி 31. கெல்லி குணமாகி வந்து, பசடீனாவில் நடந்த சூப்பர் பவுல் இறுதியாட்டத்தைத் தொடங்கினார். இரண்டாம் கால்பகுதியில் மீண்டும் அவருக்குக் காயம். ரைக் மீண்டும் இறங்கினார். அதே மனிதர், அதே நம்பிக்கை, இடையில் நான்கே வாரம். டல்லஸ் கௌபாய்ஸ் 52, பஃபலோ 17. பில்ஸ் அணி அன்று ஒன்பது முறை பந்தைப் பறிகொடுத்தது. ஆட்டத்தின் இறுதிப் பகுதியில் ரைக் நழுவவிட்ட பந்தை எடுத்துக்கொண்டு லியோன் லெட் இலக்கை நோக்கி ஓட, டான் பீபி திடலின் நீளமெல்லாம் துரத்திச் சென்று கடைசிக் கணத்தில் அதைத் தட்டிவிட்டார். தோல்வி முடிவாகிவிட்ட ஆட்டத்தில் அந்த ஓட்டத்தால் மாறியது ஒன்றுமில்லை. ஆனாலும் ஓடினார். சனவரி 3இன் வெற்றியைவிட இந்த ஓட்டம் மறையுரைக்குத் தகுதியானது என்று நாம் சொன்னால், நண்பர்கள் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும்.

இன்னும் ஒரு காட்சி. 1991 சனவரி 27, டாம்பா நகர். நியூயார்க் ஜயண்ட்ஸ் 20, பஃபலோ 19. சில நொடிகளே மீதம். ஸ்காட் நார்வுட் 47 கெஜத் தொலைவிலிருந்து உதைக்க வேண்டும். அந்தப் பந்தைத் தரையில் நிறுத்திப் பிடிக்க மண்டியிட்டவர் ரைக். மாற்று ஆட்டக்காரருக்குத் தரப்படும் சிறு பணிகளுள் அதுவும் ஒன்று. பந்து வலப்புறம் விலகிச் சென்றது. நார்வுட்டின் பெயரை அமெரிக்கர் இன்றும் மறக்கவில்லை. பந்தைப் பிடித்த விரல்களை நினைப்பவர் சிலரே. வெற்றியின் நாயகரான ரைக் அந்தத் தோல்வியின் மையத்திலும் மண்டியிட்டிருந்தார் என்பதைச் சேர்த்துப் படித்தால்தான் அவருடைய வாழ்வு நமக்கு விளங்கும்.

திருத்தூதர் பணிகளின் முதல் அதிகாரத்தை இங்கு நினைவுகூராமல் இருக்க முடியவில்லை. யூதாசின் வெற்றிடத்தை நிரப்ப இருவர் முன்னிறுத்தப்படுகின்றனர். சீட்டு மத்தியாவின் பெயருக்கு விழுகிறது. மற்றவர், பர்சபா எனப்பட்ட யோசேப்பு. யோவானின் திருமுழுக்கு முதல் ஆண்டவரின் விண்ணேற்றம்வரை உடனிருந்தவராக வேண்டும் என்ற தகுதி இருவருக்கும் ஒருபோலவே இருந்தது. மத்தியாவுக்குத் திருநாள் உண்டு. நம் ஊர்களில் அவர் பெயர் தாங்கியோரும் உண்டு. யோசேப்பைப் பற்றி விவிலியம் அதன்பின் ஒரு சொல்லும் சொல்வதில்லை. அவருடைய விசுவாசம் குறைந்தது என்று எவரேனும் துணிந்து கூறுவரா? வெற்றிக் கதைகளை மட்டுமே சாட்சியமாக அடுக்கும் மேடை, இந்த யோசேப்பைப் போன்றோரைத் தன்னையறியாமலே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிறது. வேலை கிடைக்காத இளைஞனும், நோய் தீராத தாயும், இருபது ஆண்டுகள் வேதியராக உழைத்தும் பெயர் அறியப்படாதவரும் அந்த இருக்கைகளில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

ரைக்கின் பிற்கால வாழ்வு, மேடைக் கதையின் ஒழுங்குக்கு அடங்க மறுக்கிறது. 1995இல் புதிய கரோலினா பேந்தர்ஸ் அணியின் முதல் ஆட்டத்தைத் தொடங்கியவர் அவரே. மூன்று ஆட்டங்களில் இடம் போயிற்று. 1998 பருவத்தோடு ஓய்வுபெற்றார். இறையியல் கற்று, சார்லட் நகரின் சீர்திருத்த இறையியல் கல்லூரிக்குத் தலைவராகவும் பணியாற்றினார். பின்னர் பயிற்சியாளராகத் திடலுக்குத் திரும்பினார். 2017 பருவத்தில் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் தாக்குதல் பிரிவுக்குப் பொறுப்பாளர். முதன்மை ஆட்டக்காரர் கார்சன் வென்ட்ஸ் திசம்பரில் காயமுற, மாற்று ஆட்டக்காரர் நிக் ஃபோல்ஸ் 2018 பிப்ரவரி 4இல் சூப்பர் பவுலை வென்று தந்தார். ஒருமுறை ஆட்டத்தையே விட்டுவிட எண்ணியவர் ஃபோல்ஸ். ரைக்குக்குக் கிட்டாத அந்தக் கோப்பை, ரைக்கின் பழைய இருக்கையில் இருந்த ஒருவருக்குக் கிட்டியது. அருகில் ரைக் நின்றார்.

அதே மாதம் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணி அவரைத் தலைமைப் பயிற்சியாளராக்கியது. முதலில் இசைந்த வேறொருவர் கடைசி நேரத்தில் பின்வாங்கியதால் வந்த அழைப்பு அது. 2022 நவம்பர் 7இல் அங்கிருந்து நீக்கப்பட்டார். அடுத்த மாதம் 17ஆம் நாள், 33 புள்ளிகள் பின்தங்கியிருந்த மின்னசோட்டா வைக்கிங்ஸ் மீண்டெழுந்து 39க்கு 36 என்று வென்றபோது, முப்பது ஆண்டுகள் நிலைத்திருந்த பஃபலோவின் 32 புள்ளிச் சாதனை முறியடிக்கப்பட்டது. அன்று தோற்ற அணி கோல்ட்ஸ். 2023இல் கரோலினா அவரைத் தலைமைப் பயிற்சியாளராக அழைத்து, பதினோரு ஆட்டங்களுக்குப் பின் விலக்கியது.

2025இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் திடீரென ஒரு பயிற்சியாளரைத் தேடியது. ஒரே பருவத்துக்கு, இடைக்காலப் பொறுப்பாக மட்டும் என்றனர். ரைக் இசைந்தார். அப்போது அவருக்கு வயது 63.