வழுவும் பிறழ்ச்சியும்

ஜொகூர் மாநிலத்து ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் முதன்மை வளாகம் அமைந்துள்ளது. அத்தகைய கல்விக்கூடங்களில் ஒளியியல் பயில்வோர் ‘அபெரேஷன்’ என்னும் ஆங்கிலச் சொல்லை எதிர்கொள்வர். மலாய்மொழி அதனை ‘அபெராசி’ என ஒலி மாற்றி ஏற்றுக்கொண்டது. தமிழோ பொருளறிந்து பெயரிட விழையும் மொழி. ஆதலின், அதனைப் பிழை என்பதா, கோளாறு என்பதா, பிறழ்ச்சி என்பதா என்னும் வினா எழுகின்றது.

அச்சொல் இலத்தீனிலிருந்து வந்தது. ‘அப்’ என்பது ‘அகன்று’ எனவும், ‘எர்ராரே’ என்பது ‘அலைதல், திரிதல்’ எனவும் பொருள்படும். வழியினின்று அகன்று திரிதல் என்பதே அதன் முதற்பொருள். ‘எரர்’ என்னும் சொல்லும் அவ்வேரினின்று கிளைத்ததே. எனினும் அது குற்றத்தை உணர்த்தலாயிற்று. ‘அபெரேஷன்’ விலகலை உணர்த்தி நின்றது. ஒரு வேரிற் பிறந்த இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் பொருந்தாது.

1729இல் ஜேம்ஸ் பிராட்லி என்னும் ஆங்கில வானநூலார், விண்மீன்கள் ஆண்டுதோறும் தம் இடத்தினின்று சிறிது விலகித் தோன்றுவதன் காரணத்தை வெளியிட்டார். மழையில் விரைந்து நடப்பவர் குடையை முன்னோக்கிச் சாய்ப்பது போல, நொடிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் விரைவில் செல்லும் புவியிலிருந்து காண்போர்க்கு ஒளி வரும் திசை சாய்ந்து தோன்றுகிறது. இதில் விண்மீன் செய்த பிழை யாது? காண்பவர் கண்ணின் பிழைதான் யாது?

1990இல் விண்ணில் செலுத்தப்பெற்ற ஹபிள் தொலைநோக்கியின் ஆடி, விளிம்பில் மயிரிழையினும் நுண்ணிய அளவு மிகுதியாகத் தேய்க்கப்பட்டிருந்தது. அதனால் ஒளிக்கதிர்கள் ஒரு புள்ளியிற் குவியாது விலகின. தேய்த்ததில் நேர்ந்தது பிழை. ஒளியில் விளைந்தது பிறழ்ச்சி. 1993இல் திருத்தும் கருவிகள் பொருத்தப்பட்டன. காரணம், விளைவு ஆகிய இரண்டையும் ‘பிழை’ என்னும் ஒரே சொல்லாற் குறித்தால் மாணவர் எதனை அறிவர்?

தமிழ் இலக்கணம் இவ்வேறுபாட்டை நெடுங்காலமாகப் போற்றி வருகிறது. ‘திரிதல்’ என்னும் சொல் இலத்தீன் வேரைப் போலவே அலைதலையும் மாறுதலையும் ஒருங்கே உணர்த்தும். பொன்னும் குடமும் சேர்ந்து ‘பொற்குடம்’ ஆவது திரிபு, அது குற்றமன்று. திரிசொல்லைத் தொல்காப்பியர் நால்வகைச் சொற்களுள் ஒன்றாக வைத்தார். குற்றத்திற்கு ‘வழு’ என்னும் தனிச்சொல் உண்டு. காரணம் பற்றி ஏற்கப்படுவது ‘வழுவமைதி’ எனப்பட்டது.

வேர்ப்பொருளால் நெருங்கியது ‘திரிபு’ எனினும், இயற்பியல் பாடநூல்களில் அது வேறொரு கருத்துக்கு, தகைவினால் ஒரு பொருளின் வடிவில் உண்டாகும் மாற்றத்துக்கு, உரியதாகிவிட்டது. ஆதலின் ‘பிறழ்ச்சி’ என்பதே நிற்கத்தக்கது. நீரில் கயல் பிறழ்வதைப் பாடிய மொழிக்கு அச்சொல் பழமையானது. ‘பிறழ் சாட்சி’ என்னும் நீதிமன்ற வழக்கால் இன்று அதன்மேல் பழியின் நிழல் படிந்துள்ளது. அந்நிழலை விலக்கிப் பொருளுரைத்தல் ஆசிரியர் கடன்.

இத்தெளிவு அறிவியல் வகுப்புக்கு மட்டும் உரியதன்று. ஸ்கூடாய் என்னும் ஊர்ப்பெயரையே காண்க. மெய்யெழுத்துத் தனித்து மொழிமுதல் வாராது என்பது தமிழ் மரபு. ஒரு மாணவன் ‘இசுகூடாய்’ என எழுதினால், அது மரபு தழுவிய திரிபு. ‘ஸ்கூடாய்’ என எழுதினால், ஊரை அடையாளங் காட்டும் பயன் கருதி அமைத்துக்கொள்ளலாம். ‘சூடாய்’ என எழுதினாலோ ஊர் மறைந்து வெப்பமே எஞ்சும், அதுவே வழு.

மூன்றுக்கும் ஒரே சிவப்புக் கோடு இடும் ஆசிரியர், விலகலெல்லாம் குற்றம் என்றே மாணவனுக்குக் கற்பித்தவராவார். இன்னது வழு, இன்னது திரிபு எனப் பிரித்துக் காட்டுபவரே மொழியறிவை வளர்ப்பவர்.